பொட்டலத்தில் போன பேய்க்கதைகள்

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் என் தாய்மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. 1986-ல் எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். முதல் வேலை பொட்டலம் மடிப்பது.

மூத்த வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் பை இவ்வளவு பரவாத காலம் அது. பழைய பேப்பர் கடையிலிருந்து கிலோ கணக்கில் காகிதம் வாங்கி வைத்திருப்போம். செய்தித்தாள் பருப்புக்கும் சீனிக்கும். வார இதழ், பாடப் புத்தகம் போன்ற சின்னத் தாள் கடுகு, சீரகம், மிளகுக்கு. படக்கதைப் புத்தகங்களும் சின்னத் தாள் கணக்கில்தான் வரும். நடுவில் இருக்கும் பின்னைப் பிடுங்கினால் தாள் தாளாகக் கழன்றுவிடும். கிழிக்கிற வேலை மிச்சம் என்பதால் மாமாவுக்கு அவற்றின் மீது தனிப் பிரியம்.

அட்டை மட்டும் பொட்டலத்துக்கு உதவாது. வழவழப்பான கெட்டித் தாள், மடித்தால் நிற்காது. அதை எடுத்து எண்ணெய் டின்னுக்கு அடியில் போட்டுவிடுவோம். பாழடைந்த கோட்டை, முழு நிலவு, கல்லறையிலிருந்து நீளும் கை, பல்லை இளிக்கும் மண்டை ஓடு எல்லாம் கடலை எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். கதையைப் பாதி படித்திருப்பேன், மீதிப் பாதி யார் வீட்டுக்கோ வெந்தயத்தோடு போயிருக்கும்.

அந்த அட்டைகளைத்தான் இன்றைக்குச் சிலர் ஊர் ஊராகத் தேடி அலைகிறார்கள் என்றால் நம்புவீர்களா? எனக்கே சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியும். கடைக்கு வழக்கமாக வரும் குரோம்பேட்டைக்காரர் ஒருவர், வங்கி வேலையில் இருப்பவர், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணாச்சி, உங்க பழைய கடைப் பரண்ல திகில் காமிக்ஸ் ஏதாவது கெடக்குமா?”

திகில் என்பது சிவகாசியிலிருந்து 1986-ல் வெளிவரத் தொடங்கிய படக்கதை இதழ். அதற்கு முன்பே 1972-ல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வந்துவிட்டது. அதன் முதல் இதழ்தான் இரும்புக்கை மாயாவி. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேர் அரைக்கால் சட்டைப் பருவத்துக்குப் போய்விடுவார்கள். 1984-ல் லயன் காமிக்ஸ் தொடங்கியது, அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது. ஆனால் பேய், பிசாசு, ரத்தக் காட்டேரி என்றே ஓர் இதழ் நடத்தியது திகில்தான். வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்கிப் போட்டார்கள். கறுப்புக் கிழவி என்றொரு பாத்திரம் கதைகளை எடுத்துச் சொல்வாள், அவள் முகத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். சில ஆண்டுகள்தான் வந்தது. அதனால்தான் இப்போது இவ்வளவு தேட்டம்.

இந்தக் கோட்டை, கல்லறை, வௌவால் பாணியை வெளிநாட்டில் கோதிக் திகில் என்கிறார்கள். அமெரிக்காவில் 1950-ல் ஈ.சி. என்ற நிறுவனம் இந்த வகைப் படக்கதைகளை வரிசையாக இறக்கியது. சரக்கு பிய்த்துக்கொண்டு போனது. கூடவே எதிர்ப்பும் வந்தது. 1954-ல் அந்த நாட்டு செனட் குழு விசாரணையே நடத்தி, வெட்டிய தலையைக் காட்டிய ஓர் அட்டைப்படத்தை முன்னால் வைத்து, இது நல்ல ரசனையா என்று பதிப்பாளரைக் கேட்டது. அதே ஆண்டு பதிப்பாளர்களே கூடி ஒரு கட்டுப்பாட்டு விதித் தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். ரத்தக் காட்டேரியும் பிணமும் அதோடு கடையை விட்டுப் போயின. நம் நாட்டிலும் 1956-ல் இளையோருக்குக் கேடு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் நிறைவேறியது. அச்சிடுபவரை மட்டும் அல்லாமல் விற்பவரையும் வாடகைக்கு விடுபவரையும் சேர்த்தே அது பிடித்தது. எந்தச் சட்டம் வந்தாலும் கடைக்காரன் தலை தப்பாது என்பது அன்றைக்கும் அப்படித்தான்.

திகிலுக்காக நாம் மேல்நாட்டுக் கோட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவை எடுத்துப் பாருங்கள். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் மண்டை ஓடு, சுடுகாட்டு வழியே நடக்கிறான் விக்கிரமாதித்தன். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து வளராத வீடு உண்டா? அவர் 2020-ல் காலமானார், மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அம்புலிமாமாவும் நம் பொட்டலத்துக்குத் தப்பவில்லை.

சிவகாசி அட்டைகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. உள்ளே இருக்கும் கதை வெளிநாட்டுக்காரர் வரைந்தது. ஆனால் அட்டைகளில் பல இங்கேயே நம் ஓவியர்கள் தீட்டியவை. தினசரிக் காலண்டருக்கு முருகனையும் லட்சுமியையும், பட்டாசு டப்பாவுக்குக் குருவியையும் கிளியையும் அச்சடித்த ஊர் அல்லவா! அந்தக் காலண்டர் நிறங்களிலேயே, அடிக்கும் மஞ்சளும் சிவப்புமாக, பேயும் வந்து நின்றது. கதைகள் பல பின்னாளில் நல்ல தாளில் மறுபதிப்பாக வந்துவிட்டன. 2012 சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் பிறகு லயன், முத்து இதழ்கள் புதுப் பொலிவோடு வருகின்றன. கதை படிக்க விரும்புகிறவர் அதை வாங்கினால் போதும். பழைய பிரதியைத் தேடுகிறவர் தேடுவது அந்த அட்டையை.

விலை எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். நம் தொழிலில் புளி பழசானால் ஒரு விலை, அரிசி பழசானால் ஒரு விலை. இதில் பழசாக இருந்தால் மட்டும் போதாது. அட்டை இருக்கிறதா, பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கிறதா, நடுத்தாள் உண்டா, மூலை மடங்கியதா என்று ஒவ்வொன்றுக்கும் கழிவு. வாடகை நூல் நிலையத்து முத்திரை இருந்தால் கழிவு. கோணியூசியால் குத்திச் சணல் கோத்துத் தைத்திருந்தால் இன்னும் கழிவு. செலோடேப் ஒட்டியிருந்தால் எடுக்கவே யோசிப்பார்கள். அது சில ஆண்டுகளில் பழுப்பேறிக் கறையாகிவிடும். அமெரிக்காவில் இதற்கென்றே 2000-லிருந்து ஒரு நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கிறது. 1938-ல் பத்து சென்டுக்கு விற்ற சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய இதழின் ஒரு பிரதி, 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதைப் படித்துவிட்டு யாரும் பரணில் ஏற வேண்டாம். நம் ஊர்ச் சரக்கு அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அட்டை விலையைப் போலப் பல மடங்கு என்ற அளவில் நிற்கிறது, அவ்வளவே. அதற்கும் சரியான ஆள் வர வேண்டும்.

அங்கே விலை ஏறியதற்கு ஒரு காரணம் நமக்குப் புரியக்கூடியது. இரண்டாம் உலகப் போரில் பழைய தாள் திரட்டியபோது பிள்ளைகள் வீட்டிலிருந்த படக்கதைகளை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம். அங்கே போர் செய்ததை இங்கே நம் பொட்டலம் செய்தது.

பொட்டலத்துக்குத் தப்பியதைத் தண்ணீர் கொண்டுபோனது. படக்கதைகள் பெரும்பாலும் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. அதில் மரக்கூழின் லிக்னின் அப்படியே தங்கியிருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பிறகு அப்பளம்போல நொறுங்கும். நம் பக்கத்து ஈரக் காற்றில் பின் துருப்பிடிக்கும். இராமபாணப் பூச்சி, கரையான் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் ஆள் உயரத் தண்ணீர் நின்றதே, நினைவிருக்கிறதா? நம் உறுப்பினர்கள் பலர் அரிசி மூட்டையைக் குப்பையில் கொட்டினார்கள். அந்தக் குரோம்பேட்டைக்காரரின் நண்பர் ஒருவர் முடிச்சூரில் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருபது ஆண்டுச் சேகரிப்பை வைத்திருந்தாராம். தண்ணீர் வடிந்த பிறகு திறந்தால், பெட்டி நிறையக் கூழ். 2023 டிசம்பர் புயலில் மறுபடி தண்ணீர் வந்தபோது அவரிடம் நனைய ஒன்றும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளிப் பழைய பேப்பர் கடை நடத்துகிறார் ஒரு தம்பி. பெருங்களத்தூரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது அங்கிருந்த வயதான அம்மா இரண்டு மூட்டைக் காகிதத்தை எடைக்குப் போட்டார்கள். தம்பி எடை குறைக்காதவர், கேட்ட காசைக் கொடுத்து எடுத்து வந்தார். பிரித்தபோது அடியில் பத்துத் திகில் இதழ்கள், அட்டை கலையாமல். எனக்கு இதில் பழக்கம் உண்டென்று தெரிந்து கொண்டுவந்து காட்டினார். நான் குரோம்பேட்டைக்காரருக்குத் தகவல் சொன்னேன். அன்று மாலையே வந்து, பேரம் பேசாமல், இரண்டு மூட்டைக்கும் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். தம்பிக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், மறைப்பானேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தார். நேரே கடைக்கு வந்துவிட்டார். “காசு வேணாம்ணே. அந்தப் புத்தகம் மட்டும் இருக்கா? என் அண்ணன் சேர்த்தது. அவன் இப்ப இல்ல.”

தம்பி என்ன சொல்வார்? எடை போட்டுக் காசு கொடுத்த சரக்கு. கொடுத்தவர் மனம் ஒப்பித்தான் கொடுத்தார். வியாபார வழக்கப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். எனக்கும் பேச்சு வரவில்லை. மதிப்பு தெரிந்தவன் நான், தெரியாமல் போட்டவர் அந்த அம்மா. ஒரு தொலைபேசி போட்டு, “அம்மா, இது உங்க பிள்ளைகளோடதா?” என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பித்தளைக் குத்துவிளக்கு மூட்டையில் வந்திருந்தால் கேட்டிருப்போம். காகிதம் என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

இருவரும் குரோம்பேட்டைக்குப் போனோம். அவர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் ஏழு இதழ்களை வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுத்தார். மீதி மூன்றை ஏற்கனவே வேறொருவரிடம் மாற்றுக் கொடுத்து வேறு இதழ்கள் வாங்கிவிட்டாராம். அவர் இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். சங்கிலி அங்கே அறுந்துபோயிற்று. ஏழையும் வாங்கிய பணத்தைத் தம்பியே ஏற்றுக்கொண்டார். பாதி நான் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் கடையில் ஒரு பலகைத் தட்டு அடித்திருக்கிறார். வீட்டுக் காகிதத்தில் புத்தகம், நோட்டு, ஆல்பம், கடிதக் கட்டு எது வந்தாலும் எடை போட்ட சீட்டோடு பதினைந்து நாள் அதில் இருக்கும். பிறகுதான் விற்பனை. இடம் அடைக்கிறது, பணமும் முடங்குகிறது. ஆனாலும் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒருவர் நிலப் பத்திரத்தின் நகலைக்கூட மீட்டுக்கொண்டு போனார்.

நம் மளிகைக் கடைகளுக்கு இந்தச் சிக்கல் குறைந்துவிட்டது. அச்சடித்த தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது, மையில் உள்ள இரசாயனம் உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே அறிவுறுத்திவிட்டது. 2019 ஜனவரியில் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கும் தடை வந்தபோது, பழைய பேப்பருக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. பொட்டலம் மடித்தே ஆக வேண்டுமென்றால் அச்சில்லாத தாளில் மடியுங்கள். நம் பரண்களில் கிடக்கும் பழைய கட்டுகளை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படக்கதை இருந்தால் தட்டையாக வைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். செலோடேப் வேண்டாம், ரப்பர் பேண்டும் வேண்டாம்.

அந்த மூன்று இதழ்கள் இன்னும் கிடைக்கவில்லை. தம்பி வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரம் சந்தையில் ஒரு சுற்று வந்துவிடுகிறார். முதல் பக்கத்து மேல் ஓரத்தில் நீல மையில் ஒரு பையன் பெயரும், கீழே “7-ஆம் வகுப்பு ஆ பிரிவு” என்றும் எழுதியிருக்கும். உறுப்பினர்கள் யார் கண்ணிலாவது பட்டால், விலை எவ்வளவானாலும் சரி, சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.