சிவில் எஞ்சினீயரின் பணி: ஃபீனிக்ஸ் பே காட்டும் சான்று

போர்ட் பிளேர் என வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரில் ஃபீனிக்ஸ் பே உள்ளது. அந்தமானின் பிற தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் கப்பல்கள் இங்குள்ள துறையிலிருந்து புறப்படுகின்றன. மக்கள் கப்பலேறும் மேடையை நோக்கின், சிவில் எஞ்சினீயரின் தொழில் இன்னதென விளங்கும்.

‘சிவில்’ என்பது இங்கு ராணுவத்தைச் சாராதது எனப் பொருள்படும். கோட்டை கட்டும் ராணுவ எஞ்சினீயர்களினின்றும் வேறுபடுத்தவே, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன் தம்மைச் சிவில் எஞ்சினீயர் என்று கூறிக்கொண்டார். அலைமோதும் எடிஸ்டன் பாறையில் கலங்கரை விளக்கம் எழுப்பியவர் அவரே.

மேடையின் உயரத்தை எவ்வாறு தீர்மானிப்பது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்குக் கடல்மட்டம் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் மாறுகின்றது. மேடை தாழ்ந்திருப்பின் நீர் புரளும். மிக உயர்ந்திருப்பின் முதியோர் கப்பலினின்று ஏற இயலாது. அடுத்த பகை உப்பு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியை அடைகின்றது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவையாதலால் கான்கிரீட் பிளந்து உதிர்கின்றது. உப்புநீரில் இட்ட ஆணி பருத்துத் துருவேறுவதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம்.

இவ்வளவும் கணக்கிட்ட பின்னும் நிலமே அசையக்கூடும். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் இந்நகரப் பகுதி ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்தது. எஞ்சினீயர் எந்த மட்டத்திலிருந்து அளந்தாரோ, அம்மட்டமே இறங்கிவிட்டது!

வடக்கே நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் 268 மீட்டர் நீளமுள்ள ஆஸ்டின் நீரிணைப் பாலம் மேலும் தெளிவான பாடம். 2002 செப்டம்பர் பூகம்பத்திலேயே அதன் மேற்பகுதி நகர்ந்திருந்தது. 2004-இல் நடுவிலுள்ள மூன்று கண்களின் மேற்பகுதி தாங்கிகளை விட்டு நழுவியது. பக்கவாட்டில் நழுவாது பிடித்து நிறுத்தும் தடுப்பு இல்லாமையே குறை. பாலத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அத்தடுப்பு அற்பமானது; எனினும் முதல் அசைவைக் கண்டவுடனே அதனை அமைத்திருக்க வேண்டும்.

இத்தகைய பாலத்தில் போக்குவரத்து தடைப்படின் திக்லிப்பூர் மக்களுக்குக் கடல்வழியே துணை. அவர்கள் கப்பலினின்று இறங்கும் இடம் ஃபீனிக்ஸ் பே மேடையேயாகும்.