ஓட்டிப் போன காரிலேயே வீடு திரும்ப வேண்டும்!

3 நாடுகள், 3 பந்தயப் பாதைகள், ஒரு விசித்திரச் சுற்றுலா

சொந்தக் காரில் ஏறிக் கடல் கடந்து போகிறார்கள். வெளிநாட்டுப் பந்தயப் பாதையில் அந்தக் காரைப் பறக்க விடுகிறார்கள். மறுநாள் பெட்டி, படுக்கையை அதே காரில் ஏற்றிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் புறப்படுகிறார்கள்!

பரிசு உண்டா? கிடையாது.

கோப்பை உண்டா? அதுவும் கிடையாது.

பணம் வருமா? கையில் இருக்கும் பணம்தான் போகும்!

பிறகு எதற்காக இந்தப் பயணம்?

வேகத்தின் மேல் உள்ள ஆசை! அந்த ஆசையை நடுத்தெருவில் தீர்த்துக் கொண்டால் பிறர் உயிர் போகும். அதற்கென்று உள்ள இடத்தில் தீர்த்துக்கொள்ளத்தான் இத்தனை தூரம் போகிறார்கள்.

பந்தயம் அல்ல!

இங்கிலாந்தில் கார் மோகம் கொண்டவர்கள் ஏராளம். கோடைக் காலம் வந்துவிட்டால், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிறிய 'ஸ்போர்ட்ஸ்' கார்கள் அணி அணியாக ஐரோப்பாவுக்குக் கிளம்பும்.

அவர்கள் போவது 'டிராக் டே' என்னும் நிகழ்ச்சிக்கு. பந்தயம் இல்லாத நாட்களில், பந்தயப் பாதையைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். கட்டணம் கட்டினால் யாரும் தம் காரை அங்கே ஓட்டலாம். அதுதான் 'டிராக் டே'.

இது பந்தயம் அல்ல. யார் முதல், யார் கடைசி என்ற கணக்கு இல்லை. கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பதையும் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பது இல்லை.

காலையில் எல்லோரையும் கூட்டி வைத்து விதிகளைச் சொல்வார்கள். தலைக்கவசம் அணிய வேண்டும். முன்னால் போகிறவர் விளக்குப் போட்டு வழிவிட்ட பிறகுதான் அவரை முந்தலாம்.

கொடிகளின் பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து. நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டம் நின்றுவிட்டது. எல்லோரும் மெதுவாகக் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். கறுப்புக் கொடி காட்டினால், "நீ செய்தது தப்பு; வெளியே வா" என்று அர்த்தம்!

கடலுக்கு அடியில் 35 நிமிஷம்

இந்தப் பயணத்துக்கு விலை உயர்ந்த கார்தான் வேண்டும் என்பது இல்லை. ஜப்பானில் செய்யப்படும் 'மாஸ்டா எம்.எக்ஸ்.-5' என்ற சிறிய கார் 1989-ல் வெளிவந்தது. எடை சுமார் ஆயிரம் கிலோ. 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாராயிற்று. அப்படிப்பட்ட கார்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

காருக்குள் இடம் கொஞ்சம். சாமானோ அதிகம்! துணிமணி, தலைக்கவசம், ஸ்பானர் பெட்டி, காற்று அளக்கும் கருவி, எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில்... கார் நடுவழியில் நின்றால் சாலையில் வைக்க முக்கோண எச்சரிக்கைப் பலகை. இரவில் பளிச்சென்று தெரியும் மேல்சட்டை. இவ்வளவும் வேண்டும்.

இங்கிலாந்தின் போக்ஸ்டன் நகரில் காரை அப்படியே ரயில் வண்டிக்குள் ஓட்டிச் செல்கிறார்கள். ரயில் கடலுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் ஓடுகிறது. 1994-ல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கத்தின் நீளம் 50 கிலோ மீட்டர். அதில் சுமார் 38 கிலோ மீட்டர் கடலுக்கு அடியில்! 35 நிமிஷத்தில் பிரான்சு நாட்டின் கலே நகரம் வந்துவிடும்.

அங்கே இறங்கியதும் முதல் சோதனை. இங்கிலாந்தில், நம் நாட்டைப் போல, சாலையின் இடது பக்கம் போக வேண்டும். ஐரோப்பாவிலோ வலது பக்கம்! ஸ்டியரிங் இருப்பது வலது பக்கத்தில். முன்னால் போகும் லாரியை முந்த நினைத்தால் எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்!

மணல் மேட்டில் ஒரு பாதை

கலேயிலிருந்து வடக்கே சுமார் 350 கிலோ மீட்டர் போனால், ஹாலந்து நாட்டில் ஜாண்ட்வோர்ட் என்ற கடற்கரை ஊர். மணல் மேடுகளுக்கு நடுவே பந்தயப் பாதை வளைந்து வளைந்து போகிறது. 1948-ல் திறந்த பாதை இது. ஒரு சுற்று 4.259 கிலோ மீட்டர்.

கடல் காற்று இங்கே சும்மா வருவது இல்லை. மணலையும் வாரிக்கொண்டு வந்து பாதையில் தூவிவிடும். காலையில் பிடித்த டயர் மாலையில் வழுக்கும். கண் முன்னால் மாறும் பாதையைப் பார்த்து ஓட்ட வேண்டும். அதுதான் முதல் பாடம்.

1985-க்குப் பிறகு உலகப் பெரும் பந்தயம் இங்கே நடக்கவில்லை. 36 ஆண்டு கழித்து, 2021-ல் மறுபடி நடந்தது. வென்றவர் ஹாலந்தின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன்!

உயிர் காத்த ஸ்பானர்

அடுத்த இடம் பெல்ஜியம். தெற்கே சுமார் 300 கிலோ மீட்டர். ஆர்டென் மலைக் காடுகளுக்கு நடுவே 'ஸ்பா பிராங்கோர்ஷாம்' பாதை.

ஒரு சுற்று 7 கிலோ மீட்டர். இந்தப் பாதையின் ஒரு பகுதியில் மழை கொட்டும். மறு பகுதியில் வெயில் அடிக்கும்! சரிவில் இறங்கி, 'செந்நீர்' என்று பெயர் கொண்ட ஓடையைத் தாண்டி, செங்குத்தான மேட்டில் ஏற வேண்டும். மேட்டின் உச்சிக்கு வரும்வரை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. கோயமுத்தூர்க்காரரும், இந்தியாவின் முதல் 'பார்முலா-1' வீரருமான நரேன் கார்த்திகேயன் 2005-ல் இங்கே பந்தயத்தில் ஓட்டினார்.

பழைய பாதை இதைவிட நீளம். சுமார் 14 கிலோ மீட்டர். ஊர்ச் சாலைகளையே பந்தயப் பாதையாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் வீடு, மரம், தந்திக் கம்பம் எல்லாம் இருந்தன.

1966-ம் ஆண்டு. பந்தயத்தின் முதல் சுற்றிலேயே மழை பிடித்துக் கொண்டது. பல கார்கள் சறுக்கின. ஸ்காட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் பாதையை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் பெட்ரோல்! ஒரு பொறி விழுந்தால் போதும், கதை முடிந்துவிடும்.

உதவிக்கு டாக்டர் வரவில்லை. ஆம்புலன்சு வரவில்லை. அவருடன் போட்டியிட்ட கிரகாம் ஹில், பாப் பாண்டுரண்ட் ஆகிய வீரர்கள்தான் ஓடி வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் அவரை வெளியே எடுக்க முடியும். கழற்ற ஸ்பானர் இல்லை! வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் கடன் வாங்கிக் கழற்றினார்கள். சுமார் 25 நிமிஷம் ஆயிற்று.

ஸ்டூவர்ட் பிழைத்தார். அதன் பிறகு, தம் காரின் ஸ்டியரிங்கில் ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டே பந்தயத்துக்குப் போனார். "பாதையில் பாதுகாப்பு வேண்டும்" என்று பல ஆண்டுகள் போராடினார். 3 முறை உலக சாம்பியன் ஆன அவரையே, "பயந்தவர்" என்று சிலர் ஏசினார்கள். அவர் அசையவில்லை.

1979-ல் ஸ்பா பாதை சுருக்கப்பட்டது. இப்போது அங்கே கார் ஓட்டும் சாதாரண மனிதர்களுக்கும் இரும்புத் தடுப்பு உண்டு. மீட்புப் படை உண்டு. அந்தப் போராட்டத்தில் ஸ்டூவர்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பச்சை நரகம்

ஸ்பாவிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோ மீட்டர். ஜெர்மனியின் எல்லைக்குள் ஐபெல் மலை. அங்கே பழைய கோட்டை ஒன்றைச் சுற்றிப் போகிறது, 'நூர்பர்க்ரிங்' பாதை.

வறுமையில் கிடந்த மலைப் பிரதேசம் அது. ஊராருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1925-ல் இந்தப் பாதையை வெட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாடுபட்டார்கள். இதற்குத் துணை நின்றவர், அப்போது கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடினார். 1949-ல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஆனாரே, அவரேதான்! 1927 ஜூன் மாதம் பாதை திறக்கப்பட்டது.

இதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோ மீட்டர். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள்! மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் சுமார் 300 மீட்டர். இரு பக்கமும் அடர்ந்த காடு. ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர், 'பச்சை நரகம்'.

அந்தப் பெயர் பொய்யில்லை என்பதை 1976 ஆகஸ்டு 1-ந்தேதி காட்டியது. ஆஸ்திரிய வீரர் நிக்கி லாடா, "இந்தப் பாதை ஆபத்தானது, பந்தயம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொன்னார். மற்ற வீரர்கள் ஒப்பவில்லை. பந்தயம் நடந்தது. லாடாவின் காரே மோதித் தீப்பற்றியது! உடன் ஓட்டிய வீரர்கள் 4 பேர் நெருப்புக்குள் பாய்ந்து அவரை இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிப் பிரார்த்தனையும் செய்துவிட்டார்.

ஆனால் லாடா எழுந்தார். 6 வாரத்தில், ஆறாத புண்களோடு இத்தாலியில் பந்தயம் ஓட்டி 4-வதாக வந்தார்! அதற்குப் பிறகு அந்த வடக்குச் சுற்றில் 'பார்முலா-1' பந்தயம் நடக்கவே இல்லை.

சுங்கம் கட்டினால் போதும்!

அந்தப் பாதையில்தான் இன்று பொதுமக்கள் கார் ஓட்டுகிறார்கள்!

சுற்றுலா ஓட்டம் நடக்கும் நேரங்களில், இது ஒரு வழிச் சுங்கச் சாலை. 2024-ல் ஒரு சுற்றுக்குக் கட்டணம் சுமார் 30 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறைய 3 ஆயிரம் ரூபாய். லைசென்சு இருந்தால் போதும். விலை உயர்ந்த பந்தயக் காரும் போகும். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்த குடும்பக் காரும் போகும்!

ஜெர்மனியின் சாலைச் சட்டமே இங்கும் சட்டம். வலது பக்கமாகப் போக வேண்டும். இடது பக்கமாகத்தான் முந்த வேண்டும். நேரம் பார்த்து ஓட்டக் கூடாது.

தடுப்பில் மோதினால் என்ன ஆகும்? நெளிந்த தடுப்புக்குப் பணம். காரை இழுத்துப் போகும் வண்டிக்குப் பணம். எல்லாம் மோதியவர் தலையில்! சாதாரண இன்சூரன்சு பல சமயம் இங்கே செல்லாது. கார் போனால் போனதுதான். ஒரு நொடி வீம்பு, பல ஆண்டுச் சேமிப்பைத் தின்றுவிடும்.

இந்த ஊரிலேயே ஓட்டல் நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவர் சபீனா சுமிட்ஸ் என்ற பெண்மணி. 1996, 1997-ம் ஆண்டுகளில், இங்கே நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணிகளில் அவர் இருந்தார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதை வென்றது இல்லை. வருகிறவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பாதையைச் சுற்றிக் காட்டும் 'டாக்சி' டிரைவராகவும் அவர் இருந்தார். பல ஆயிரம் முறை சுற்றியவர்! 2021-ல், 51-வது வயதில் புற்றுநோயால் இறந்தார். பாதையின் முதல் வளைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கால் போகும், பிரேக் பிடிக்காது!

பழக்கம் இல்லாதவர்களை ஏமாற்றுவது எஞ்சின் அல்ல, பிரேக்!

பிரேக் பிடிக்கும்போது காரின் வேகம் சூடாக மாறுகிறது. வளைவுக்கு வளைவு அழுத்தினால் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் பரவும்.

புதிய ஆயில் 230 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் தாங்கும். ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். நாளாக ஆக, 155 டிகிரிக்கே கொதிக்கக் கூடிய நிலைக்கு வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். அப்போது மிதியை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும். கால் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது!

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புறப்படும் முன்பே ஆயிலை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு மூன்று சுற்று ஓட்டியதும் இளைப்பாறுகிறார்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுகிறார்கள். நிறுத்தியதும் கைப் பிரேக் போடுவது இல்லை. கொதிக்கும் பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், கியரில் போட்டு நிறுத்துகிறார்கள்.

யார் கெட்டிக்காரர்?

பந்தய வீரரின் கார் உடைந்தால் கம்பெனி வேறு கார் கொடுக்கும். இவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? வீடு பல நூறு கிலோ மீட்டருக்கு அப்பால். பக்கத்தில் மனைவியோ, மகனோ, நண்பரோ. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

ஆகையால் இந்தப் பயணத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்குகிறவர், எல்லோரையும் முந்தியவர் அல்ல. தம் திறமைக்கு எல்லை எது என்று தெரிந்து, அதற்கு ஒரு படி கீழே நின்றவர். பின்னால் வேகமான கார் வந்தால் முகம் சுளிக்காமல் வழிவிட்டவர். மழை வந்ததும், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்லத் தெரிந்தவர்.

ஒரு வாரம் முடிகிறது. கார் முழுவதும் தூசி. டயரில் பாதி தேய்ந்துவிட்டது. மறுபடியும் கடலுக்கு அடியில் ரயில் பயணம். சாலையின் இடது பக்கத்துக்கு மாறி வீடு வந்து சேருகிறார்கள்.

மறுநாள் காலை. அதே கார் கறிகாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறது.

எவ்வளவு வேகத்தில் தெரியுமா? மணிக்கு 30 மைல்! ஊருக்குள் சட்டம் அனுமதிப்பது அவ்வளவுதான்.