கீழ்க்குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் உருவான இசையை பரோக் இசை என்கிறார்கள். ஃபியூக், பஸகாலியா, ரிட்டோர்னெல்லோ என்று அதன் பெயர்களே புதிதாகக் கேட்பவரை மிரட்டும். மேலே பாடும் வயலினைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அடியில் ஒலிக்கும் தாழ்ந்த குரலைப் பிடித்துக்கொண்டால் பாதி மிரட்சி போய்விடும்.

யோஹான் பாகெல்பெலின் 'கேனன்' பலர் காதிலும் விழுந்திருக்கும். அதில் செல்லோ வாசிப்பது எட்டே ஸ்வரம். 'டி'யை ஷட்ஜமாக வைத்தால், ச ப த க ம ச ம ப. இதே எட்டு, 28 முறை. அதன்மேல் ஒரு வயலின் மெட்டைத் தொடங்கும். செல்லோ ஒரு சுற்று முடித்ததும் இரண்டாவது வயலின் அதே மெட்டை ஆரம்பத்திலிருந்து எடுக்கும். அடுத்த சுற்றில் மூன்றாவது. முன்னே போகும் குரலைப் பின்னே வருபவை பிசகாமல் தொடர்வதுதான் கேனன். மாறாமல் சுற்றிவரும் அடிவரிக்கு கிரவுண்ட் பாஸ் என்று பெயர். ஷகோன், பஸகாலியா என்ற வடிவங்களும் இந்தச் சுழற்சியின்மேல் கற்பனையை விரிப்பவைதான்.

இந்த முறையின் உச்சம் என்று நான் கருதுவது ஹென்றி பர்செலின் 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஆப்பராவில், கார்த்தேஜ் அரசி டைடோ சாகுமுன் பாடும் பாட்டு. அடிவரி அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகக் கீழே இறங்குகிறது. முடிந்ததும் மறுபடி மேலிருந்து அதே இறக்கம். அரசியின் வரியோ அது முடியும் இடத்தில் முடியாமல், தாண்டிப்போய் அடுத்த சுற்றில் மூச்சு விடுகிறது. விதி ஒரு கணக்கில் நடக்க, மனசு வேறு கணக்கில் நடக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சை அடைக்கும் இடம் அது.

எல்லா அடிவரியும் இப்படிச் சுற்றிவராது. ஆனால் பெரும்பாலான குழு இசையில் அது ஓயாமல் ஓடும். அதுவே பாஸோ கன்டினுவோ. செல்லோ அந்த வரியை வாசிக்க, ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ மேலே மற்ற ஸ்வரங்களை நிரப்பும். அவற்றை இசையமைப்பாளர் எழுதித் தரமாட்டார். எண்கள் மட்டும் போட்டிருப்பார். அடிவரியின் ஒரு ஸ்வரத்துக்கு 6 என்றிருந்தால், அந்த ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவதையும் ஆறாவதையும் சேர்க்க வேண்டும். எந்த ஸ்தாயியில், எவ்வளவு அலங்காரத்தோடு என்பது வாசிப்பவரின் மனோதர்மம்.

ஃபியூக்கும் கேனனுக்கும் நெருங்கிய உறவு. ஆனால் ஃபியூக்கில் சுதந்திரம் அதிகம். ஒரு குரல் தனியாகச் சிறு மெட்டைச் சொல்லும்; அடுத்தது அதையே பஞ்சமத்தில் எடுக்கும். எல்லாக் குரல்களும் நுழைந்தபின் மெட்டு மறைந்து மறைந்து தலைகாட்டும். பாக் 1722இல் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளேவியர்' நூலில் இப்படி 24 ஃபியூக்குகள். மெட்டு அடிக்குரலுக்கு வரும் இடத்துக்காகக் காத்திருந்து கேளுங்கள், மொத்த இசைக்கும் எடை கூடுவது தெரியும்.

ரிட்டோர்னெல்லோ எளிது: தனி வயலினின் வாசிப்புக்கு நடுநடுவே முழுக் குழுவும் பல்லவிபோலத் திரும்ப வாசிக்கும் பகுதி. 1725இல் அச்சான விவால்டியின் 'நான்கு பருவங்கள்' அதற்கு நல்ல உதாரணம்.

சூட் என்பது நடனங்களின் தொகுப்பு: அலமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக். பாக் தனிச் செல்லோவுக்கு ஆறு சூட்கள் எழுதினார். துணைக்கு ஹார்ப்சிகார்ட் கிடையாது. ஐந்தாவது சூட்டின் சரபாண்டில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் இடமே இல்லை. வெறும் ஒற்றை வரி. அந்த வரி அவ்வப்போது இறங்கித் தொடும் தாழ்ந்த ஸ்வரங்களை மட்டும் மனதில் கோத்துக்கொண்டே போங்கள், எழுதாத அடிவரியும் காதில் விழும்.