சிகப்பு ரோஜாக்கள்: ஒரு படமும் மூன்று வீடுகளும்

சென்ற தை மாதம் பொங்கல் விழா முடிந்து, பாத்திரங்களையெல்லாம் கழுவி அடுக்கிய பிறகு, செம்பூரில் எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் காப்பிக்கு அமர்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் வந்து நின்றது. 1978-இல் வந்த படம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு படத்துக்காக எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்படி ஒரு வாக்குவாதம் மூளும் என்று நான் நினைக்கவில்லை.

தாராவியிலிருந்து வந்திருந்த அண்ணாச்சி, "அது மாதிரி ஒரு படம் தமிழ்ல வந்ததே கெடையாது" என்று ஆரம்பித்து வைத்தார். மாதுங்கா மாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் படத்தை நான் இந்த ஜன்மத்துல மன்னிக்க மாட்டேன்" என்றார். என் மகள் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க ரெண்டு பேருமே படத்தைச் சரியாப் பார்க்கலை" என்று சொல்லி இரு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

படம் பார்க்காத இளைய வாசகர்களுக்காகச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். பாரதிராஜா இயக்கிய மூன்றாவது படம் இது. '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்ற முதல் இரண்டும் கிராமத்துக் கதைகள். இவருக்கு வயல் வரப்பை விட்டால் வேறொன்றும் தெரியாது என்று பேச்சு எழுந்தது. அதற்குப் பதில் சொல்வது போலப் பங்களா, கார், உயர்ந்த உணவு விடுதி என்று முழுக்க முழுக்க நகரத்துக் கதையை எடுத்தார். கமல்ஹாசன் பணக்கார வாலிபர் திலீப். பெண்களை மயக்கி வீட்டுக்கு அழைத்து வந்து, உறவுக்குப் பின் கொன்று, தோட்டத்தில் புதைப்பவன். புதைத்த இடத்தில் பூப்பவைதான் தலைப்பில் வரும் ரோஜாக்கள். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் சாரதாவாக ஸ்ரீதேவி. அவள் திருமணமென்றால்தான் சம்மதிப்பேன் என்று நிற்கிறாள், அவனும் மணந்துகொள்கிறான். பிறகு அந்த வீட்டின் இரகசியம் அவளுக்குத் தெரிய வருகிறது. இளையராஜா இசை, பி.எஸ். நிவாஸ் ஒளிப்பதிவு. பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்த பாக்யராஜ் இதில் உணவு விடுதிப் பணியாளராகத் தலைகாட்டுவார்.

இப்படியொரு படத்தைப் பற்றிச் சண்டை என்றால் "ஆபாசமா, இல்லையா" என்பதுதான் சண்டையாக இருக்கும் என்று வெளியார் நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று ஒரு மணி நேரம் பேசியதில் அந்தச் சொல் இரண்டு தடவைகூட வரவில்லை. உண்மையைச் சொன்னால், படத்தில் நேராகக் காட்டப்படுவது குறைவு, உணர்த்தப்படுவதே அதிகம். இன்று எந்தத் தொடரைத் திறந்தாலும் இதைவிடக் கூடுதலாகவே காட்டுகிறார்கள். சண்டை வேறு இடத்தில் இருந்தது.

அண்ணாச்சியின் கட்சி கலைக் கட்சி. 1976-இல் தோல் பட்டறை வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். 1978 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அக்டோபர் 28 அன்று வெளியாகியிருந்த இந்தப் படத்தைத் திருநெல்வேலியில் பார்த்திருக்கிறார். படம் விட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் தன் சைக்கிள் எது என்று தெரியாமல் நின்றாராம். இரண்டே பாட்டுகள், அதில் ஒன்று ஜானகியுடன் கமலே பாடியது. மற்ற நேரமெல்லாம் இளையராஜாவின் பின்னணி இசைதான் பயமுறுத்துகிறது. "அதுவரைக்கும் வில்லன்னா மீசையும் மருவும் இருக்கும். இவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கான். அதுதான்யா பயம்" என்றார். சரியான பேச்சு. படம் வந்தபோது கமலுக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் கோவணம் கட்டிய சப்பாணியாக வந்து எல்லோரையும் அழ வைத்தவர். அந்த முகத்தின் பின்னால் கத்தி இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

மாமியின் கட்சியைக் கலைக்கு எதிர்க் கட்சி என்று சொல்லிவிட முடியாது. மாமி அந்த நாளில் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ. மாதுங்காவிலிருந்து தினமும் லோக்கலில் போய்வந்த நம் பெண்கள் பலரில் ஒருவர். அலுவலகத் தோழிகளோடு சேர்ந்து, வீட்டில் வேறு ஏதோ படம் என்று சொல்லிவிட்டுப் பார்த்திருக்கிறார். விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. ஆறு மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, ஓவர்டைம் கிடையாது, வேற்றாண் யார் 'லிப்ட்' கொடுத்தாலும் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். "கொன்னவன் அவன். ஜெயில் எனக்கு" என்றார் மாமி.

அந்த அப்பாவையும் நாம் எடுத்தவுடன் குறை சொல்லிவிட முடியாது. பம்பாயில் 1968-ஐப் பார்த்தவர் அவர். வடக்குப் புறநகர்களில் குடிசைகளிலும் நடைபாதைகளிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மண்டை பிளந்து கிடந்த காலம். வெயில் காலத்திலும் கதவைத் தாழிட்டுக்கொண்டு புழுங்கிக் கிடந்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அந்த ஆகஸ்டில் ராமன் ராகவ் பிடிபட்டான். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அவனுக்கு மனநோய் முற்றியிருந்ததால் 1987-இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1995-இல் புனே மருத்துவமனையில் இறந்தான். 'சிகப்பு ரோஜாக்கள்' அவன் கதையிலிருந்து பிறந்தது என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவன் தெருவில் கிடந்தவன். கொன்றது தன்னைப் போன்ற ஏழைகளை. திலீப்புக்குப் பங்களாவும் காரும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயத்தோடு வாழ்ந்த ஒரு தகப்பனுக்குத் திரையில் வருவது வெறும் கதையாகத் தெரிந்திருக்காது.

மாமியின் உண்மையான குற்றச்சாட்டு பின்கதையைப் பற்றியது. திலீப் ஏன் இப்படி ஆனான் என்பதைப் படம் விளக்குகிறது. அநாதைச் சிறுவன், ஒரு பெண்ணின் பொய்யால் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து ஓடுகிறான். அடுத்து அடைக்கலம் கொடுத்த வீட்டில், எஜமானன் தனக்குத் துரோகம் செய்த மனைவியைக் குத்துகிறான். சிறுவன் அதைப் பார்த்து உற்சாகப்படுத்துகிறான். அந்த எஜமானன்தான் அவனுக்கு வளர்ப்புத் தந்தையாகி, பிற்காலத்தில் மகன் செய்யும் கொலைகளைப் படம் பிடித்துப் பார்த்து மகிழ்பவன். சிறுவன் அங்கே பேசும் வசனம் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெண் கொலையாகும் காட்சி எப்படி வேடிக்கையாயிற்று என்று மாமி கேட்டார். எங்களில் அதைச் சொல்லிச் சிரித்திருந்த நான்கு ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. நானும் அதில் ஒருவன்.

யோசித்துப் பார்த்தால் மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. படத்தில் கொன்றவனுக்குப் பிள்ளைப் பருவம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. கொலையுண்ட பெண்களுக்கு ஊர்கூடச் சரியாக இல்லை. துணிந்து பழகியவள் சாகிறாள், தாலிக்குக் காத்திருந்தவள் பிழைக்கிறாள். லோக்கல் ரயிலில் தனியாகப் போய் நாலு காசு சம்பாதித்து வந்த ஒரு பெண்ணின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் என் மகள் குறுக்கிட்டாள். படத்தைக் கைப்பேசியில் பார்த்தவள். அதுவும் இரவு வண்டியில் வீட்டுக்கு வரும்போது. அவள் சொன்னது: "அந்தக் கிழவரைக் கவனிச்சீங்களா? நாற்காலியில உட்கார்ந்து கொலைகளைப் படமாப் பார்த்துக்கிட்டு இருக்கார். தியேட்டர்ல நீங்க எல்லாரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அதேதான்." அதாவது, படம் அந்தக் கொலைகாரனுக்குப் பரிந்து பேசவில்லை, பார்த்து ரசிக்கும் நம்மைத்தான் சுட்டுகிறது என்பது அவள் கட்சி. பாரதிராஜா அப்படி நினைத்து எடுத்தாரா என்று அண்ணாச்சி கேட்டார். "எடுத்தவர் நினைச்சாத்தானா?" என்று பதில் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள்!

ஆனால் அவள் சொன்னதற்கு வெளிநாட்டில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பவல் 'பீப்பிங் டாம்' என்ற படத்தை எடுத்தார். பெண்களைக் கொன்று, சாகும்போது அவர்கள் முகத்தில் தெரியும் அச்சத்தைப் படம் பிடிக்கும் ஒருவனின் கதை. அவனுக்கும் அப்பனால் கெட்ட பிள்ளைப் பருவம். விமர்சகர்கள் காறித் துப்பாத குறை. பெரிய இயக்குநரான பவலின் தொழிலே அதனால் படுத்துவிட்டது. அதே ஆண்டு வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' கூட்டத்தை அள்ளியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஸ்கோர்செசி போன்றவர்கள் எடுத்துக்காட்டிய பிறகே, பவலின் படம் 'பார்ப்பது' என்ற செயலைப் பற்றிய படம் என்று பேசப்பட்டது.

நம் பம்பாயிலேயே இதற்கு இன்னொரு பாடம் நடந்தது. பாரதிராஜாவே இந்தக் கதையை 1980-இல் 'ரெட் ரோஸ்' என்று இந்தியில் எடுத்தார். ராஜேஷ் கன்னா, பூனம் தில்லான், ஆர்.டி. பர்மன் இசை. தமிழில் வெள்ளிவிழாக் கண்ட கதை இங்கே ஓடவில்லை. எங்கள் அலுவலகத்து மராட்டி நண்பர்களிடம் "எங்கள் ஊரில் பெரிய வெற்றி" என்று பெருமையடித்துக் கூட்டிப்போனவன் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. காரணம் கதையில் இல்லை என்று நினைக்கிறேன். 1969-இல் 'ஆராதனா' வந்ததிலிருந்து ராஜேஷ் கன்னா இந்தி உலகத்தின் காதலன். அவர் புன்னகை பெண்களுக்குப் பாதுகாப்பான புன்னகை. அந்தப் புன்னகைக்குள் கொலைகாரன் இருப்பதை இரசிகர் மனம் ஏற்க மறுத்தது. கமலையோ 'மன்மத லீலை'யில் (1976) பெண்பித்தராகத் தமிழர்கள் முன்பே பார்த்தாயிற்று. அண்ணாச்சிக்குப் பயம் தந்த அதே உத்தி, வேறு முகத்தில் வெறும் எரிச்சலாக முடிந்தது.

தணிக்கைச் சீட்டு இந்தச் சண்டைகளைத் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாளில் 'யூ', 'ஏ' என்ற இரண்டு முத்திரைகளே புழக்கத்தில் இருந்தன. பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்க 'யூ/ஏ' 1983-இல்தான் வந்தது. 2023-இல் செய்த திருத்தத்தில் அதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். முத்திரை வயதைச் சொல்லும். படம் யார் பக்கம் நிற்கிறது என்று சொல்லாது. பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைத் தன் குறும்படத்தில் காட்டியதற்காக 'ஏ' முத்திரை பெற்ற கே.ஏ. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். தணிக்கை செல்லும் என்றே 1970-இல் தீர்ப்பாயிற்று. ஆனால் பாலுறவைக் காட்டுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்றும் நீதிபதிகள் அதிலேயே சொன்னார்கள்.

என் மகள் எழுப்பிய இன்னொரு விஷயத்துக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஸ்ரீதேவி 1963 ஆகஸ்டில் பிறந்தவர். மனைவியாக நடித்த இந்தப் படம் வந்தபோது அவருக்கு 15 வயது. அன்றைக்குப் படத்தைப் புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் இதை ஒரு விஷயமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. இன்றைக்கு முதலில் கண்ணில் குத்துவது அதுதான்.

இதே வழியில் பிறகும் படங்கள் வந்தன. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) நிதானமான படம். அதிலும் கொலைகாரனுக்கு ஒரு குழந்தைப் பருவக் காரணம் உண்டு, ஆனால் அங்கே குற்றவாளி அப்பன். 2004-இல் சிம்புவின் 'மன்மதன்' வந்தபோது ஏமாற்றும் பெண்களைக் கொல்பவனுக்குக் கைதட்டல் விழுந்தது. அன்று எங்கள் வீட்டு இளவட்டங்களும் கைதட்டினார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் பிடிக்கவில்லை. "கமல் கடைசியில ஜெயில்ல பைத்தியமா கெடக்கான். இவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். மாமி அன்று முதல் முறையாக அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்.

மணி பத்தரை ஆகிவிட்டது. கிளம்பும்போது என் மகள் மாமியைக் கேட்டாள், அந்த ஆறு மணிச் சட்டம் எவ்வளவு நாள் நீடித்தது என்று. "ஒரு மாசம்" என்றார் மாமி. "மாசக் கடைசியில ஓவர்டைம் இல்லாத சம்பளக் கவரைக் கொண்டுபோய் அப்பா கையில கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்தார், எண்ணினார். மறுநாள் காலம்பற, 'ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு நான் வந்து நிக்கறேன்'னார். கல்யாணம் ஆறவரைக்கும் தினம் வந்து நின்னார், பாவம்."

அண்ணாச்சி மாமியை மாதுங்காவில் இறக்கிவிட்டுத் தாராவிக்குப் போவதாகச் சொல்லி டாக்சி பிடித்தார்.