சொட்டு மருந்தும் ரசீதும்

கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது ரோட்டா வைரஸ். தூய குடிநீரும் கை கழுவுதலும் மட்டும் இதனை முற்றிலும் தடுத்துவிடா. வாய்வழியே புகட்டப்படும் தடுப்பு மருந்தே சிறந்த காப்பு.

தமிழ்நாட்டில் 2017 முதல் இம்மருந்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 6, 10, 14ஆம் வாரங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

தனியார் மருத்துவமனையில் பெறுவோர், மருந்தின் விலையையும் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தையும் ரசீதில் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். மருந்துக்கு, அதன் உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வசூலிக்கலாகாது. சில மருந்துகளுக்கு 2 தவணைகள், சிலவற்றுக்கு 3. ஆகவே ஒரு தவணையின் விலையை அன்றி, மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். காப்பீட்டுத் திட்டங்கள் பல இச்செலவை ஏற்பதில்லை. முன்னரே விசாரித்தறிவது நன்று.

பணமில்லை என்று அடுத்த தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தவணைக்கு வயது வரம்பு உண்டு. தொடங்கியதை முடித்தால்தான் முழுப் பயன். மருந்தின் பெயர் குறித்த அட்டையுடன் அரசு நிலையத்தை அணுகி, எவ்வாறு தொடர்வது எனக் கேளுங்கள்.

மருந்து புகட்டிய பின் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுதாலோ, ஓயாது வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.