பீடி சுற்றிய கைகளில் நியாயத் தராசு

நீதிபதி என்றதும் நம்மவர் மனத்தில் ஒரே சித்திரம்தான் எழும். உயர்ந்த ஆசனம், கறுப்பு அங்கி, முன்னே டவாலி சேவகர், கோர்ட்டு முழுதும் நிசப்தம். அப்படிப்பட்டவர் வீதியில் இறங்கி, வீடு வீடாகச் சென்று, "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கை கூப்புவதை நாம் கற்பனை செய்வதில்லை. ஆனால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதுதான் வழக்கம். டெக்சாஸில் ஜில்லா நீதிபதிகள் கட்சி வேட்பாளர்களாகவே நின்று, ஓட்டு வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் ஜனங்கள் முன் வந்து நிற்க வேண்டும்.

அந்த மாநிலத்தில் 2022 நவம்பரில் நடந்த தேர்தலில் வென்று, 2023 ஜனவரி முதல் தேதி பதவியேற்றவர் சுரேந்திரன் கே. பட்டேல். பெயரைப் பார்த்துக் குஜராத்திக்காரர் என்று எண்ண வேண்டாம். கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டைச் சேர்ந்தவர். ஹூஸ்டனை அடுத்த பேர்லண்டில் உள்ள ஸ்ரீ மீனாட்சி கோயிலைப் பற்றி நம் அன்பர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு அண்மையில் உள்ள ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் 240-வது ஜில்லா நீதிமன்றம்தான் அவருக்குக் கிடைத்த ஆசனம். 2020 கணக்கெடுப்பின்படி எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கும் கவுண்டி அது. பெருங்குற்ற வழக்கு, சொத்து வழக்கு, விவாகரத்து எல்லாமே இத்தகைய நீதிமன்றங்களுக்கு வரும்.

படிப்பும் பிழைப்பும்

பெற்றோர் தினக்கூலிகள். பிள்ளைப் பருவத்திலேயே சகோதரியுடன் சேர்ந்து பீடி சுற்றினார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பு நின்றது. ஓராண்டு முழு நேரமும் பீடி சுற்றிய பிறகே கல்லூரி வாசலை மிதித்தார். அங்கும் வேலையை விட முடியவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. பரீட்சை எழுத அனுமதி இல்லை என்றார்கள். நல்ல மதிப்பெண் வாங்காவிட்டால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று மன்றாடி, அனுமதி பெற்று எழுதித் தேறினார். பிறகு கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரி. அந்நாட்களில் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையும் பார்த்தார். 1995-ல் சட்டப் பட்டம் கிடைத்தது. ஹோஸ்துர்க் கோர்ட்டில் சுமார் பத்தாண்டு வக்கீல் தொழில், அப்புறம் டில்லி.

2007-ல் நர்ஸாகப் பணியாற்றும் மனைவிக்கு வேலை கிடைக்கவே, குடும்பம் ஹூஸ்டனுக்குப் போயிற்று. தேர்ந்த வக்கீல் மளிகைக் கடையில் வேலைக்கு நின்றார். ஆக்லாந்தில் டாக்ஸி ஓட்டிய டாக்டர்களையும், கிடங்கில் பெட்டி அடுக்கிய எஞ்சினியர்களையும் அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2009-ல் டெக்சாஸ் வக்கீல் பரீட்சையை முதல் முறையிலேயே தேறினார். அப்படியும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ள ஆளில்லை. எனவே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2011-ல் மேற்பட்டமும் பெற்றார். சிறு சிறு ஒப்பந்த வேலைகளில் தொடங்கி, பின் சொந்தமாகத் தொழில் நடத்தினார். 2017-ல் அமெரிக்கப் பிரஜை ஆனார்.

இரண்டு முறை களத்தில்

முதல் முயற்சி 2020-ல், தோல்வி. இரண்டாம் முயற்சியில், 2022-ன் தொடக்கத்தில், தம் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே பதவியிலிருந்த நீதிபதியை எதிர்த்து நின்றார். அவர் வெல்வார் என்று கட்சிக்காரர்களே நம்பவில்லை. அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் குறித்துப் பரிகாசமும் எதிர்ப்பிரசாரமும் நடந்தன. உட்கட்சித் தேர்தலில் வென்று, நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளரையும் வென்றார். பிரஜையாகி ஐந்தே ஆண்டுகள். உச்சரிப்பு எப்படியிருந்தாலும், நியாயம் தெரிந்தவர் என்று ஜனங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு முன்பே, 2018-ல், அதே கவுண்டியில் ஜூலி மாத்யூ என்ற கேரளப் பெண்மணி தேர்தலில் வென்று நீதிபதியாகியிருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஓட்டா, நியமனமா?

இந்தத் தேர்தல் முறை நல்லதுதானா? அறுவை சிகிச்சை செய்பவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நீதிபதியை மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் 2018-ல் கட்சி அலை ஒன்று வீசியது. குடியரசுக் கட்சி நீதிபதிகள் நல்லவர், திறமையற்றவர் என்ற பேதமின்றி ஒரே வீச்சில் தோற்றார்கள். பணத்தின் பங்கும் சிறிதல்ல. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் தலைவர் ஒரு நீதிபதியின் வெற்றிக்காக முப்பது லட்சம் டாலர் அளவுக்குச் செலவிட்டார். பின்னர் அந்தக் கம்பெனியின் வழக்கு வந்தபோது அதே நீதிபதி விலகாமல் அமர்ந்து, கம்பெனிக்குச் சாதகமாகவே வாக்களித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. நன்கொடை கொடுத்த வக்கீல் நாளை அதே கோர்ட்டில் வாதாட வருவார் என்பதுதான் இம்முறையின் தீராத சங்கடம்.

ஆனால் நியமனத்திலும் ஒரு குறை உண்டு: கதவைத் திறப்பவர் யார் என்பது. கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் எடுபிடியாகத் தொடங்கியவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். தெருவிளக்கில் படித்தவர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள். ஜில்லா முன்சீப் ஆகி, 1870-களின் பிற்பகுதியில் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். அவருக்குக் கதவைத் திறந்தது வெள்ளைக்கார அரசாங்கம்; ஜனங்களுக்கு அதில் குரல் இல்லை. சுரேந்திரனுக்குத் திறந்தவர்கள் ஜனங்கள். வழி எதுவானாலும், ஆசனத்தில் அமர்ந்த பின் நீதிபதிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் இருக்கக் கூடாது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது காரணமின்றி அல்ல.

பாட்டனி டவுன்ஸிலிருந்து பார்த்தால்

நியூசிலாந்தில் நீதிபதியின் பெயர் ஓட்டுச் சீட்டில் வருவதில்லை. வக்கீலாக ஏழாண்டாவது இருந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அட்டர்னி ஜெனரலின் சிபாரிசில் கவர்னர் ஜெனரல் நியமிப்பார். எழுபது வயதில் ஓய்வு. பயமின்றித் தீர்ப்பளிக்க இது நல்ல ஏற்பாடு. ஃபிஜியிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரான அஜித் சுவரண் சிங் இவ்வழியில்தான் இங்கே நீதிபதியானார்.

ஓட்டு இல்லாததால் நமக்கு இதில் வேலையில்லை என்று நினைப்பது தவறு. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு ஜூரி அழைப்புக் கடிதம் வரக்கூடும். ஒருவருடைய சுதந்திரத்தை முடிவு செய்யும் அந்தப் பன்னிரண்டு ஆசனங்களில் ஒன்று அது. "என் இங்கிலீஷ் போதாது, கடையை விட முடியாது" என்று அந்தக் கடிதத்துக்குச் சாக்கு எழுதி அனுப்புவது நம்மவர் பல வீடுகளில் கேட்கிற பேச்சுதான். மொழி உண்மையிலேயே புரியாதவரை விலக்கச் சட்டம் இடம் தருகிறது. அது வேறு விஷயம். நாள் முழுதும் வாடிக்கையாளரோடும் நோயாளியோடும் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒதுங்குவது நமக்கு நாமே கதவைச் சாத்திக்கொள்வதாகும். நாளை நம் பிள்ளை ஒருவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்து, ஜூரிப் பெட்டியில் நம் முகம் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தினால், அந்த வருத்தத்துக்கு நாமும் பொறுப்பு.

ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பதவியும் உண்டு. தொகுதி எம்.பி.யின் சிபாரிசில் வருவது. பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்திடுவதோடு, தனிப் பயிற்சி பெற்றவர்கள் சிறு குற்ற வழக்குகளையும் விசாரிக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கணக்காளர்களும் முன்வரலாம்.

டாக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு வழிகளையே காட்டி வளர்த்த பெற்றோர்கள், சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காமல் இருக்கட்டும். ஜூரிக் கடிதம் இந்த வாரம் வந்தால், சாக்கு எழுதும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.