அடம்பிடிக்கிற குட்டிக்கு ஷூ வாங்கப் போறீங்களா? விலையை விட 'ஒரு நாள் செலவு' பாருங்க



ஜூன்ல ஸ்கூல் திறக்குற சமயம் கோவில்பட்டி செருப்புக் கடைகள்ல அடிக்கடி காதுல விழுற வசனம் இது: "ரெண்டு நம்பர் பெருசா குடுங்கண்ணே, வளர்ற புள்ள." அந்தப் புள்ளையோ, "லைட் எரியுற ஷூதான் வேணும்"னு தரையில உக்காந்திருக்கும். மாசச் சம்பளத்துல இந்த ஒரு பில்லை எப்படிப் புத்திசாலித்தனமா முடிக்கலாம்? வாங்க பார்ப்போம்.

கணக்கு இதுதான்

700 ரூபாய் ஷூ, மாசம் 20 நாள் வீதம் 7 மாசம் போட்டா 140 நாள். அதாவது ஒரு நாளைக்கு 5 ரூபாய். 400 ரூபாய்க்கு "சீப்பா" வாங்கினது பிடிக்காம 4 நாள்ல மூலைக்குப் போனா, ஒரு நாளைக்கு 100 ரூபாய்! போடாத ஷூதான் வீட்டிலேயே விலை அதிகமான ஷூ.

கடைக்குப் போகும் முன்னாடி

பேப்பர்ல குழந்தையை நிக்க வச்சு, குதிகால் சுவத்துல படுற மாதிரி ரெண்டு காலையும் அளந்துக்கோங்க. நீளமான காலோட அளவுக்கு மேல சுமார் 1 செ.மீ. இடம் இருந்தா போதும். 3 முதல் 6 வயசுல பாதம் மாசத்துக்கு சராசரியா 1 மி.மீ. வளரும். யூகே அளவுல ஒரு நம்பர்னா கிட்டத்தட்ட 8.5 மி.மீ. ரெண்டு நம்பர் பெருசா எடுத்தா நடக்கும்போது கழண்டு, தடுக்கி விழ வாய்ப்பு இருக்கு.

"கடிக்குது"ன்னா நம்புங்க

எல்லாம் அடம் இல்ல. உள்ளே தையல் உறுத்தலாம், அகலம் பத்தாம இருக்கலாம். சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க பாதத்தை அளந்துச்சு. நம்ம ஊர்ப் பாதம் பொதுவா ஐரோப்பியர்களோடதைவிட அகலம்னு அதுல தெரிஞ்சுது. அதனால ஸ்கூல்ல போடுற சாக்ஸோட கடைக்குள்ளேயே நாலு நடை நடக்க விடுங்க.

ரெண்டுல ஒண்ணு

பட்ஜெட்டுக்குள்ள ரெண்டு ஜோடியை நீங்க எடுத்து வைங்க, ஒண்ணைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். தானா எடுத்ததைப் போட மாட்டேன்னு சொல்றது குறைவு.

நம்ம கரிசல் பூமிக்கு ஒரு டிப்ஸ்: ஐப்பசி, கார்த்திகை மழையில மண்ணு அடியில அப்பை அப்பையா ஒட்டும். துணி ஷூ துவைச்சுக் காயறதுக்குள்ள அடுத்த நாள் வந்துடும். ஈரத்துணியால துடைக்க முடியுற, வெல்க்ரோ வச்ச ஷூ நல்லது.

வரி குறைஞ்சிருக்கு

2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5% தான். முன்னாடி 1,000 ரூபாய் வரை 12%, அதுக்கு மேல 18%. வரிக்கு முன் 1,500 ரூபாய் ஷூவுக்கு 270 ரூபாய் வரி போன இடத்துல இப்ப 75 தான். பில் கேட்டு வாங்குங்க.

மாசம் 100 ரூபாய்

சம்பளம் வந்ததும் தனியா 100 ரூபாய் ஒதுக்கிடுங்க. 7 மாசத்துல அடுத்த ஜோடிக்கான காசு ரெடி, கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளவு பாருங்க; விரல் முட்டினா, ஷூ புதுசா இருந்தாலும் மாத்திடுங்க.

உங்க வீட்டுக் குட்டியோட ஷூவுக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு வருது? கமெண்ட்ல சொல்லுங்க!